நான்கு கதவு, ஒரே மூச்சுக் கோடு: இத்தாலிய கிராண்ட் டூரிங் செடானை வடிவமைக்க ஒரு முழு வழிகாட்டி

1963 டூரின் மோட்டார் ஷோவில் மஸராட்டி ஒரு பெரிய காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் குவாட்ரோபோர்ட்டே. இத்தாலிய மொழியில் அதற்கு 'நான்கு கதவு' என்றுதான் பொருள். ரேஸ் கார்களும் இரண்டு கதவு கூபேக்களும் செய்துவந்த கம்பெனி அது. நான்கு கதவு வைத்ததே அவர்களுக்குச் செய்தி என்பதால் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். வடிவமைத்தவர் பியெத்ரோ ஃப்ருவா. அதற்குச் சற்று முன்புதான் இளவரசர் கரீம் ஆகா கானுக்காக 5000 ஜிடி கூபே ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்திருந்தார். அந்தக் கூபேயின் சாயலில்தான் இந்தச் செடான் உருவானது.

கூபேயாகப் பிறந்து, பிறகு இரண்டு கதவு கூடுதலாக வாங்கிக்கொண்ட கார் இது. இந்த வகைக் காரை வடிவமைக்க உட்காரும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது அதுதான். அழகான முன்முகத்தை வரையப் பலரால் முடியும். கூபேயின் ஓட்டம் கெடாமல் பின்கதவை உள்ளே நுழைப்பதுதான் உண்மையான வேலை. கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் சுற்றிச் சுற்றி அந்தப் பின்கதவிடமே வந்து சேரும்.

பயணத்தை எழுதுங்கள், பிறகு வரையுங்கள்

பென்சிலை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் அந்தக் கார் போகப்போகும் பயணத்தை எழுதுங்கள். 'கிரான் டூரிஸ்மோ' என்ற சொல்லே பயணத்திலிருந்து வந்ததுதான். லான்சியா 1951-இல் ஆரேலியா பி20 காரில் ஜிடி என்ற இரண்டு எழுத்தைப் பொறித்தபோது, வேகமாகவும் களைப்பில்லாமலும் வெகுதூரம் போகக்கூடிய கார் என்பதைத்தான் சொன்னது.

நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் பயணம் மிலானிலிருந்து நேப்பிள்ஸ். சூரிய நெடுஞ்சாலை என்று இத்தாலியர்கள் அழைக்கும் ஏ1, 1964-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 760 கி.மீ. முதல் குவாட்ரோபோர்ட்டேயும் இந்தச் சாலையும் ஏறத்தாழ ஒரே வயது. போலோன்யாவுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவே மட்டும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பழைய ஃபூட்டா கணவாய் வழியாகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1957 வரை மில்லே மிலியா பந்தயக் கார்கள் ஏறி இறங்கிய மலைப்பாதை அது.

ஆக தாளில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: பெரியவர்கள் நான்கு பேர், நாலு நாளைக்கான பெட்டிகள், ஒரே நாளில் 760 கி.மீ., நடுவில் ஒரு சாப்பாடு, ஒரு மலை. காரின் சொந்தக்காரரே ஓட்டுகிறார். கடைசி வரிதான் முக்கியம். டிரைவர் ஓட்ட முதலாளி பின்னால் உட்காரும் கார் என்றால் கூரையும் பின்கதவும் முழுக்க வேறாகிவிடும். பிறகு டீமுக்குள் சண்டை வரும், வரத்தான் செய்யும். அப்போது இந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.

ஆட்களை உட்கார வையுங்கள்

முதல் கோடு காரின் கோடு அல்ல, மனிதர்களின் கோடு. உயரமான ஓர் ஆளின் பக்கவாட்டு உருவத்தை வெட்டி எடுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என வையுங்கள். இடுப்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே காரின் குணத்தை நிர்ணயிக்கிறது. இந்த மாதிரிக் காருக்கு ஓட்டுநரின் இடுப்பை 480 மி.மீ. அளவில் வைத்துத் தொடங்கலாம். எஸ்யூவி என்றால் இது 700-ஐத் தொடும். ஒவ்வொரு 10 மி.மீ.யும் கூரையை மேலே தள்ளும். கூரை ஏறினால் சக்கரம் சின்னதாகத் தெரியும், கார் மெத்தனமாகத் தெரியும்.

பின் இருக்கையை முன் இருக்கையைவிடக் கொஞ்சம் தாழ்த்தி, முதுகைக் கூடுதலாகச் சாய்த்து வையுங்கள். தலைக்கு மேல் இடம் கிடைக்கும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்த்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, தொடை இருக்கையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலி எடுத்துவிடும். கால் வைக்கும் தரையும் இருக்கையோடு சேர்ந்து தாழ வேண்டும்.

மின்சாரக் காரில் சிக்கல் பிடிப்பது இந்த இடத்தில்தான். பேட்டரியைப் பலகைபோலத் தரை முழுக்க விரித்தால் பின்னால் இருப்பவரின் கால் மேலே வந்துவிடும். இதற்கு இரண்டு நல்ல விடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. போர்ஷே டைகானில், பின்னால் உட்காருபவரின் பாதம் வரும் இடத்தில் பேட்டரியைக் குழிபோல விட்டுவிட்டார்கள். மஸராட்டி கிரான்டூரிஸ்மோ ஃபோல்கோரேயில் 92.5 கிலோவாட் மணி பேட்டரியை இருக்கைகளுக்கு அடியில் வைக்காமல், நடுச் சுரங்கத்திலும் (இருக்கைகளுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும் மேடு) அதன் ஒரு முனையில் குறுக்காகவுமாக 'T' எழுத்து வடிவில் அடுக்கினார்கள். அதனால்தான் மின்சாரக் காராக இருந்தும் அதன் உயரம் 1,353 மி.மீ.யிலேயே நிற்கிறது. நான்கு கதவுக்கு நான் இந்த இரண்டையும் கலப்பேன்: நடுச் சுரங்கம் தடிமனாக இருக்கட்டும், பின் பாதங்களுக்குக் குழியும் இருக்கட்டும். நடுவில் ஐந்தாவது ஆளுக்கு இடம் போய்விடும். போகட்டும், தாளில் நான்கு பேர் என்றுதானே எழுதினோம்.

பெட்ரோல் எஞ்சின் என்றால் 2003-இல் வந்த ஐந்தாம் தலைமுறை குவாட்ரோபோர்ட்டேயைப் படியுங்கள். வி8 எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, கியர்பாக்ஸைப் பின் அச்சோடு சேர்த்துப் பொருத்தினார்கள். எடை முன்னால் 47, பின்னால் 53 விழுக்காடு. கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோகும் இந்த ஏற்பாடு லான்சியா ஆரேலியாவிலேயே உண்டு. ஓட்டுவதற்கு நல்லது என்பதோடு வரைபவருக்கும் இதில் லாபம்: முன் சக்கரம் மூக்கை நோக்கிப் போகிறது, மூக்கு குட்டையாகிறது, சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் நடுவே நீண்ட இடைவெளி கிடைக்கிறது. பணக்காரத் தோற்றம் முழுக்க அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எந்தக் குரோமும் அதற்கு ஈடாகாது.

சக்கரமே அளவுகோல்

இப்போது சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். முழு அளவில் ஒட்ட முடிந்தால் உத்தமம், முடியாவிட்டால் நான்கில் ஒரு பங்கு. கறுப்பு டேப்பால் கோடு போடுங்கள். பென்சில் கோடு கை போன போக்கில் போகும். டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டும்போது அது தானாகவே சீராக வளையும். பிடிக்கவில்லை என்றால் உரித்து மறுபடி ஒட்டலாம்.

தொடக்க அளவுகளாக நீளம் 5,020, வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 3,060, உயரம் 1,420 மி.மீ. வையுங்கள். 2003 குவாட்ரோபோர்ட்டே 5,052 நீளம், 3,064 வீல்பேஸ். 2013-இல் வந்த ஆறாவது தலைமுறை 5,262-க்கும் 3,171-க்கும் வளர்ந்தது. உள்ளே இடம் தாராளம்தான், ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் முந்தையதின் இறுக்கம் அதில் தளர்ந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் 720 மி.மீ. என்று கொள்ளுங்கள். காரின் உயரம் இரண்டு சக்கரம். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே மூன்று சக்கரமும் கொஞ்சமும். இதற்கு மேல் போனால் கார் நடுவில் தொங்குவதுபோல் தெரியும். கூரையின் உச்சியை ஓட்டுநரின் தலைக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ வையுங்கள். அங்கிருந்து பின்னோக்கி ஒரே மூச்சில் டிக்கி வரை இறங்கட்டும். நின்று நின்று இறங்கக் கூடாது.

பின்கதவு

சரி, கஷ்டமான இடத்துக்கு வந்துவிட்டோம். இதற்கு ஒதுக்கும் நேரம் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கும் நேரத்துக்குச் சமமாக இருந்தாலும் தவறில்லை.

பின்கதவு நான்கு பேரிடம் பதில் சொல்ல வேண்டும். ஏறி இறங்குபவருக்குக் காலும் தலையும் இடிக்கக் கூடாது. சக்கரம் அதன் பின்பக்கக் கீழ் மூலையைக் கடித்துக்கொண்டு போகும். கண்ணாடி கீழே இறங்க உள்ளே இடம் வேண்டும். கடைசியாக, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் அது படவே கூடாது.

தலையில் தொடங்குவோம். சரிந்து இறங்கும் கூரை அழகுதான், ஆனால் ஏறுபவர் குனிய வேண்டியிருக்கும். இங்கே ஒரு பழைய உத்தி உண்டு. பக்கவாட்டிலிருந்து நாம் பார்க்கும் உருவக் கோடு கூரையின் நடுமுதுகு. ஆனால் கண் தொடர்வது அதை அல்ல, ஜன்னல் கண்ணாடியின் மேல்விளிம்பை. கண்ணாடியின் மேல்கோட்டைக் கூரையைவிட வேகமாகக் கீழே இறக்குங்கள். அதன்மேல் மெல்லிய பளபளப்பான பட்டை ஒன்றை ஓட்டுங்கள். உண்மையான கூரை 30 மி.மீ. மேலேயே இருந்து தலைக்கு இடம் கொடுக்கும். கண்ணோ அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு கூபே என்று நம்பிவிடும்.

அடுத்தது கண்ணாடி. நேர்க்கோட்டில் இறங்க வேண்டிய கண்ணாடிக்குச் சக்கரவளைவு குறுக்கே நிற்கும். முழுக் கண்ணாடியையும் இறக்க முடியாது. அதனால்தான் பல செடான்களில் பின்கதவுக் கண்ணாடியை ஒரு குச்சியால் பிரித்து, பின்துண்டை அசையாமல் வைத்திருப்பார்கள். அந்தக் குச்சி எங்கே நிற்கிறது என்பதைப் பொறியாளரிடம் விட்டுவிடாதீர்கள். அதன் சாய்வு சி பில்லரின், அதாவது பின்கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூணின், சாய்வோடு ஒத்துப்போனால் மறைந்துவிடும். செங்குத்தாக நின்றால் கட்டம் போட்டதுபோல் துருத்திக்கொண்டு தெரியும்.

குவாட்ரோபோர்ட்டேயின் ஐந்தாம் தலைமுறையில் பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனத்தின் கென் ஒகுயாமா ஜன்னலைக் கதவோடு முடித்து, பின்னால் தடித்த சி பில்லரை விட்டார். ஆறாம் தலைமுறையில் கதவுக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் ஒன்று சேர்ந்தது. மூன்றாவது ஜன்னல் உள்ளே வெளிச்சம் தரும். ஆனால் பில்லர் மெலிந்துவிடும். காரின் எடை முழுக்கப் பின் சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் உணர்வு வர வேண்டுமே, அதைத் தருவது தடித்த பில்லர்தான். உங்கள் காரில் நான் மூன்றாவது ஜன்னலை வைக்கச் சொல்ல மாட்டேன். உள்ளே இருட்டாக இருக்குமே என்று கேட்பீர்கள். கூரையில் கண்ணாடி வையுங்கள்.

அப்புறம் கதவின் பிளவுக் கோடு. பின் சக்கரத்துக்கு மேலே உடல் புடைத்து வரும் இடத்தைப் பின்தொடை என்று சொல்லலாம். பாயத் தயாராக நிற்கும் குதிரையின் பின்தொடைபோல. அந்தப் புடைப்பு சக்கரத்தின்மேல் திடீரென்று தொடங்கினால் ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். பின்கதவின் நடுவிலேயே மெதுவாக எழ ஆரம்பித்து, கதவின் வெட்டைத் தாண்டி, சக்கரத்தின்மேல் முழுதாக வேண்டும். அதாவது கதவுத் தகடும் உடலின் தகடும் இரண்டு தனித்தனித் துண்டுகள். நடுவே 3, 4 மி.மீ. இடைவெளி, ஆனாலும் மேலே ஓடும் ஒளி ஒரே ஒளியாக ஓட வேண்டும். தகட்டை அழுத்தும் தொழிற்சாலை உங்களைத் திட்டும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

1994-இன் நான்காம் தலைமுறையில் மார்செல்லோ காந்தீனி வேறு வழியில் போனார். பின் சக்கரவளைவை வட்டமாக விடாமல் சாய்வாக வெட்டினார். அந்தக் காரின் வீல்பேஸ் 2,650 மி.மீ.தான், பின்கதவுக்கு இடமே இல்லை. கதவை மறைக்க முயலாமல், கண்ணைச் சக்கரத்துக்கு இழுத்துவிட்டார். இடம் குறைவான காரில் இதுவும் ஒரு வழி.

ஒளி விழும் இடம்

மோதெனாவிலும் டூரினிலும் பழைய பட்டறைகளில் 'பத்திலாஸ்த்ரா' என்று ஒரு தொழிலாளர் இருந்தார். தகடு தட்டுபவர். அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி, மரச்சட்டத்தில் வைத்து வைத்துப் பார்த்து வடிவம் கொண்டுவருவார். சுத்தியலுக்குப் புடைப்பு எளிது, கூர்மடிப்பு கடினம். இத்தாலியக் கார்களின் உடல் சதைப்பிடிப்போடு இருப்பதில் அந்தக் கைகளுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். பினின் ஃபரினா வடிவமைத்து 1947-இல் வெளிவந்த சிசிடாலியா 202 கார் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மட்கார்டு, பானெட், உடல் என்று தனித்தனியாக இல்லாமல் ஒரே தோலாக அது ஓடுவதைப் படங்களில் பாருங்கள்.

உங்கள் காரின் பக்கவாட்டில் ஒரு கோடு போதும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் பிறந்து, முன்கதவில் மெலிந்து, பின்தொடையில் மறுபடி எழட்டும். இரண்டாவது கோடு போடத் தோன்றினால் முதல் கோடு சரியில்லை என்று அர்த்தம். அதைப் போய்த் திருத்துங்கள்.

முகம்

கிரில்லைத் தாழ்வாக வையுங்கள். மஸராட்டியின் திரிசூலச் சின்னம் போலோன்யாவின் நெப்டியூன் நீரூற்றுச் சிலையிலிருந்து வந்தது. மஸராட்டி சகோதரர்களில் ஓவியரான மாரியோ வரைந்தது. இப்படி ஒரு சின்னம் உள்ள கம்பெனிக்குக் கிரில் பெரிதாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் கம்பெனி கற்பனையானது என்றால், ஆல்ஃபா ரோமியோவின் கேடயத்தையோ மஸராட்டியின் செங்குத்துக் கம்பிகளையோ கடன் வாங்காதீர்கள். சொந்தமாக ஒரு வாய் கண்டுபிடியுங்கள்.

பானெட்டைத் தாழ்த்த ஆசைப்படுவீர்கள். பாதசாரி மோதினால் தலை பானெட்டில் விழும். அந்தத் தலைக்காயத்துக்கு ஐரோப்பிய விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அதனால் அடியில் உள்ள எஞ்சினுக்கும் பானெட்டுக்கும் நடுவே தகடு நசுங்க இடம் விட வேண்டும். மோதும் கணத்தில் பானெட்டின் பின்பக்கத்தைத் தூக்கிவிடும் கருவி இருக்கிறது. அதன் செலவை ஏற்றுக்கொண்டால் கொஞ்சம் தாழ்த்தலாம்.

உள்ளே

டேஷ்போர்டின் மேல்பகுதி கருமையாக இருக்கட்டும். வெளிர்நிறத் தோல் போட்டால் மதிய வெயிலில் அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடி முழுக்கப் படரும். மலைப்பாதையில் அது ஆபத்து. இத்தாலியர்கள் விரும்பும் பழுப்புத் தோலைக் கைமட்டத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குப் பொல்த்ரோனா ஃப்ராவ் இருக்கிறது. 1912-இல் டூரினில் தொடங்கிய நாற்காலிக் கம்பெனி. குவாட்ரோபோர்ட்டேயின் இருக்கைகளுக்கும் அதன் தோல் போயிருக்கிறது. ஆனால் தோல் மட்டும் போதாது. கோடைப் பயணத்தில் முதுகு வியர்க்கும். செஞ்ஞா நிறுவனத்தின் பட்டுத்துணியைத் தோலோடு சேர்த்து மஸராட்டி இருக்கை செய்ததுண்டு, அதைப் பின்பற்றலாம்.

தோல் மடங்கும் மூலையைக் கவனியுங்கள். கதவுக் கைப்பிடி வளைந்து திரும்பும் இடத்தில் தையல் நேராக வந்து முட்டி நிற்கிறதா, வளைவோடு திரும்புகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்தக் காரை வாங்குபவர் ஒவ்வொரு நாளும் தொடும் இடம் அது. திரை ஒன்று போதும், அதுவும் பார்வைக்குக் கீழே. ஏசிக்கும் ஒலி அளவுக்கும் திருகு குமிழ் கட்டாயம் வேண்டும். பின் இருக்கைக்குத் திரையே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே டஸ்கனி இருக்கிறது.

களிமண்ணும் காற்றும்

தொழிற்சாலைக் களிமண்ணை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் வெண்ணெய்போல் இளகும், ஆறியதும் செதுக்கலாம். முதலில் நான்கில் ஒரு பங்கு மாதிரி, பிறகு முழு அளவு. கணினியில் எவ்வளவு அழகாக இருந்தாலும் முழு அளவில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். செதுக்கி முடித்ததும் வெள்ளிநிறப் படலத்தை ஒட்டி, மேலே டியூப்லைட் வரிசையை எரியவிட்டு, குனிந்து பக்கவாட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். விளக்கின் கோடுகள் உடலின்மேல் நீர்போல் நகர வேண்டும். பின்கதவின் வெட்டைத் தாண்டும்போது கோடு துள்ளினால் அங்கே அரை மில்லிமீட்டர் தப்பு இருக்கிறது. சுரண்டுங்கள்.

காரின்மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் பின்முனைதான் பேசும். பின்பக்கத்தை உருட்டி முடித்தால் காற்று எங்கே பிரிவது என்று தெரியாமல் சுழலும். கூர்மையாக வெட்டினால் சுத்தமாகப் பிரியும். பெட்டிபோல் தெரியும் 1962 ஆல்ஃபா ரோமியோ ஜூலியா காற்றில் நன்றாக ஓடியதற்கு அதன் வெட்டிய பின்முனையும் ஒரு காரணம். பினின்ஃபரினா 1972-இல் க்ருல்யாஸ்கோவில் முழு அளவுக் காற்றுச் சுரங்கமே கட்டியது. பட்டறைக்காரர்களே காற்றை இவ்வளவு மதித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அடர்நீலம், வெள்ளிச் சாம்பல், ஆழ்ந்த பச்சை. சிவப்பை ஸ்போர்ட்ஸ் காருக்கு விட்டுவிடுங்கள்.

ஃபூட்டாவில்

ஓடும் முன்மாதிரி கைக்கு வந்ததும் முதல் தாளை எடுத்துக்கொண்டு போலோன்யாவிலிருந்து மலையேறுங்கள். நான்கு பேர், நான்கு பெட்டி. வடிவமைப்பாளரான நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். பின்னால், வலது பக்கம் உட்காருங்கள். வளைவுகளில் தோள் எதில் சாய்கிறது, முழங்கால் எங்கே படுகிறது, கண்ணாடியைப் பிரிக்கும் அந்தக் குச்சி மலையை மறைக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கணவாயின் உச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்குங்கள். தலை இடித்ததா, பேன்ட் பின் சக்கரவளைவின் விளிம்பில் உரசி அழுக்கானதா என்று பாருங்கள். கதவைச் சாத்திவிட்டுப் பத்தடி தள்ளிப் போய், திரும்பி நின்று காரைப் பாருங்கள். இப்போதுதான் இறங்கி வந்த அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று ஒரு கணம் தேட வேண்டியிருந்தால், டூரினுக்கு ஃபோன் போட்டு, தகட்டை அழுத்தும் அச்சை வெட்டச் சொல்லலாம்.